யானைக் கொட்டாரத்தில் ஓர் அலுவலகம்

ஏழு ஆறுகள் பாய்ந்தும் ஓர் ஆற்றுக்குக்கூட உருப்படியான கரை இல்லாத நாடு ஒன்று இருந்தது. ஏழாற்று நாடு என்று அதற்குப் பெயர். அந்நாட்டு மக்கள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தங்கள் மன்னரைத் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள். தேர்ந்தெடுத்த பிறகு அவரைப் பார்க்க ஐந்தாண்டுகள் காத்திருந்தார்கள். குறை ஏதும் இருந்தால் தலைநகரின் ஓலை மண்டபத்துக்கு வந்து மனு கொடுக்கவேண்டும். அங்கே நானூற்றுப் பன்னிரண்டு எழுத்தர்கள் இருந்தார்கள். ஒரு மனு உள்ளே போய் ஆணையாக வெளியே வர ஏறக்குறைய இரண்டாண்டுகள் ஆகும். அதற்குள் சிலர் தங்கள் குறையை மறந்துவிடுவார்கள், சிலர் குறையோடு பழகிவிடுவார்கள். இவ்விரு வகையையும் அரசு 'தீர்வு காணப்பட்டவை' என்ற தலைப்பின் கீழ் சேர்த்துக்கொண்டது.

அப்போது ஆட்சியிலிருந்த மன்னர் பொன்னிறையன் அயல்நாட்டுக்குப் போய் வந்தார். அங்கே ஓர் அலுவலகத்தில் எல்லாரும் வட்டவட்டமான மெத்தைகளில் சாய்ந்தபடி வேலை பார்ப்பதைக் கண்டு மனம் நெகிழ்ந்துபோனார். திரும்பிய மறுநாளே 'வருங்காலப் பணியிட ஆராய்ச்சிப் பேரவை' ஒன்றை அமைத்தார். பேரறிஞர் மதிவரம்பர் அதற்குத் தலைவரானார். அவர் எந்த அலுவலகத்திலும் ஒருநாள்கூட வேலை பார்த்தவரில்லை. அதனாலேயே அவரிடம் விருப்பு வெறுப்பு இருக்காது என்றார் மன்னர்.

ஆராய்ச்சி என்றால் யாராவது மண்டபத்துக்குள் போய் உட்கார்ந்து பார்க்கவேண்டும். பேரவையின் பன்னிரண்டு உறுப்பினர்களில் ஒருவரும் அதற்கு முன்வரவில்லை, உள்ளே புழுக்கம் அதிகம். ஆகவே அளவைத் துறையிலிருந்து நல்லினி என்ற பெண்ணை அழைத்துவந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு இரண்டாம் ஆற்றுப் படகுத்துறையில் மக்கள் நாள்தோறும் அரைப்பொழுது காத்துக் கிடப்பதைப் பார்த்து, பத்து நாள் அங்கேயே உட்கார்ந்திருந்து, ஏறும் படியையும் இறங்கும் படியையும் தனித்தனியாக்கச் சொன்னவள் அவள்தான். அதன்பின் அங்கே யாரும் காத்திருக்கவில்லை. அவள் பெயர் அரண்மனையில் எவருக்கும் தெரியாது. துறையில் இறங்கிய எல்லாருக்கும் தெரியும்.

நல்லினி ஒரு சிறு பலகையைத் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்குள் போனாள். நான்கு மாதம், நாளுக்கொரு எழுத்தர் பக்கத்தில் உட்கார்ந்தாள். முதல் வாரம் அவள் வாயே திறக்கவில்லை. பிறகு கேட்டதும் பெரிய கேள்விகள் அல்ல. உங்களுக்கு என்ன வேண்டும் என்று அவள் யாரையும் கேட்டதில்லை. "நேத்து எத்தனை தடவ எழுந்து போனீங்க? எதுக்குப் போனீங்க?" என்றுதான் கேட்பாள். ஒரு மனு கைமாறும்போது அதன் பின்னாலேயே நடந்து போவாள். அது ஓர் அடுக்கில் ஏழுநாள் கிடந்தால் ஏழுநாளும் அந்த அடுக்கைப் போய்ப் பார்ப்பாள். எழுத்தர்களைச் சோம்பேறிகள் என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்தபோது, அவர்கள் ஒரு நாளில் நடக்கும் தூரம் அடுத்த ஊருக்குப் போய்வரும் தூரம் என்று முதலில் கண்டறிந்தவள் அவளே.

எழுத்தர்களில் காத்தாயி என்பவளோடு அவளுக்கு நெருக்கம் உண்டாயிற்று. காத்தாயி கரைப் பிரிவின் தலைமை எழுத்தர், இருபத்தாறு ஆண்டு அனுபவம். எந்த ஆறு எந்த மாதம் எந்த இடத்தில் கரையை அரிக்கும் என்று ஓலையைப் பார்க்காமலே சொல்வாள். அவளுடைய கரைப் பிரிவுக்கும், கரை கட்ட மரம் ஒதுக்கும் மரப் பிரிவுக்கும் நடுவே ஒரு சுவர் இருந்தது. அந்தச் சுவரைச் சுற்றிக்கொண்டு, ஐந்து மேசைகளில் குறிப்பு வாங்கி, ஒரு மனு அந்தப் பக்கம் போய்ச்சேரப் பதினொரு நாளாயிற்று.

நல்லினி பதினொரு பக்கத்தில் அறிக்கை எழுதினாள். முதல் பரிந்துரை, அந்தச் சுவரில் ஒரு வாசல் வேண்டும் என்பது.

மதிவரம்பர் அறிக்கையைப் பேரவையில் உரக்கப் படித்தார். வாசல் என்ற சொல் வந்ததும் நிறுத்திக் கண்களை மூடினார். ஒரு வாசலே இத்தனை நன்மை தருமென்றால் சுவரே இல்லாத மண்டபம் எத்தனை நன்மை தரும் என்று உறுப்பினர்களைப் பார்த்துக் கேட்டார். அவர்கள் கைதட்டினார்கள். மறுவாரமே மண்டபத்தின் உட்சுவர்கள் அனைத்தும் இடிக்கப்பட்டன. ஆணையின் அடியில் 'நல்லினி அம்மையாரின் ஆராய்ச்சிப்படி' என்று எழுதியிருந்தது.

நானூற்றுப் பன்னிரண்டு பேரும் ஒரே கூரையின் கீழ் ஒரே நேரத்தில் பேசினார்கள். நில அளவு சொல்லும் குரல் பிறப்பு பதியும் குரலோடு கலந்தது. ஒரு குழந்தைக்கு மூன்று வேலி நன்செய் என்று பெயர் பதிவாயிற்று. எழுத்தர்கள் இருபக்கமும் குடையை விரித்து வைத்துக்கொண்டு எழுதினார்கள். நல்லினி இரண்டாம் அறிக்கையில், கணக்கிட்டு எழுதுகிறவர்களுக்கு மட்டும் ஓர் அமைதியான மூலை வேண்டும் என்று கேட்டாள். மண்டபம் முழுவதும் அமைதி என்று ஆணை வந்தது. பேசக்கூடாது, பக்கத்து மேசையில் ஏதாவது கேட்கவேண்டுமென்றால் மனுவாக எழுதிக் கேட்கவேண்டும். அந்த மனுக்களும் மனுக் குவியலில் சேர்ந்தன.

மூன்றாவது ஆணை, எழுத்தர்களில் சிலர் சேர்ந்து உட்கார்ந்தால் வேலை எளிதாகும் என்று அவள் எழுதியதிலிருந்து பிறந்தது. இனி யாருக்கும் நிலையான இடம் கிடையாது, காலையில் யார் முதலில் வருகிறாரோ அவர் விரும்பிய இடத்தில் உட்காரலாம் என்றது அது. கூடவே மனநிறைவுப் பானை என்று ஒன்றும் வந்தது. மனநிறைவுள்ள எழுத்தர் தினமும் அதில் வெள்ளைக் கூழாங்கல் போடவேண்டும், இல்லாதவர் கறுப்புக் கல். கறுப்புக் கல் போட்டவருக்கு மனநிறைவு வரும்வரை பேரறிஞர் உரையாற்றுவார் என்று கீழே குறிப்பு இருந்தது. முதல் நாள் கறுப்புக் கல் போட்ட ஒன்பது பேரும் மறுநாள் வெள்ளைக் கல் போட்டார்கள். ஏழாற்று நாட்டில் நூற்றுக்கு நூறு எழுத்தர்கள் மனநிறைவோடு இருப்பதாக மன்னர் அயல்நாட்டுத் தூதர்களிடம் சொன்னார்.

இந்தச் சமயத்தில்தான் மலையன் வந்தார். மூன்றாம் ஆற்றின் கீழ்க்கரையில் நெல் பயிரிடுகிறவர். கரையில் ஓர் ஆள் நீளத்துக்கு விரிசல் விட்டிருந்தது. அதன் கீழே மூன்று ஊர்கள். மழைக்கு இன்னும் இரண்டு மாதம். மனுவைக் காத்தாயியிடம் கொடுத்துவிட்டு, மறுநாள் அதே இடத்துக்கு வந்து பார்த்தால் அங்கே கால்நடைப் பிரிவுக்காரர் உட்கார்ந்திருந்தார். அதற்கு மறுநாள் வேறொருவர். நான்கு நாள் மண்டபம் முழுக்கத் தேடியும் காத்தாயியைக் காணவில்லை. யாரையும் வாய்விட்டுக் கேட்கவும் முடியாது. ஐந்தாம் நாள் அவர் நடுமண்டபத்தில் நின்றுகொண்டு சத்தமில்லாமல் அழுததை நல்லினி பார்த்தாள்.

அன்று மாலை மண்டபத்துக்கு வெளியே, குளத்துப் படியில், அவள் காத்தாயியைப் பிடித்தாள். காத்தாயி முகம் கொடுக்கவில்லை. சில வாரங்களாகவே எழுத்தர்கள் எவரும் நல்லினியோடு பேசுவதில்லை.

"அக்கா, நான் ஒரு வாசல்தான் கேட்டேன்," என்றாள் நல்லினி.

"அடியில உன் பேருதானே போட்டிருக்கு?" என்றாள் காத்தாயி. "நாலு மாசம் எங்க பக்கத்துல உக்காந்து சாப்ட்ட. எங்க கால் வலி, கண் வலி எல்லாம் எழுதிக்கிட்ட. அதையெல்லாம் கொண்டுபோய் அவங்க கையில குடுத்தியே, அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னு நீ பாத்துக்க வேணாமா?"

நல்லினி அன்று வீட்டுக்குப் போய்ப் படுத்தவள் இரண்டு நாள் வெளியே வரவில்லை. அளவைத் துறைக்கே திரும்பிப் போய்விடலாமா என்று யோசித்தாள். எடைக்கல்லையும் முழக்கோலையும் சரிபார்க்கும் வேலை. அங்கே அவள் சொன்னதை யாரும் பத்து மடங்காக்க மாட்டார்கள். ஆனால் காத்தாயி கேட்டது மனத்தை விட்டுப் போகவில்லை. மூன்றாம் நாள் எழுந்து பேரவைக்குப் போனாள்.

நான் எழுதியது இதுவல்ல என்று பன்னிரண்டு பேர் முன்னிலையில் சொன்னாள். தன் அறிக்கையின் வரிகளை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினாள். மதிவரம்பர் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்துப் புன்னகைத்தார்.

"அம்மா, நீங்கள் எழுதியது ஆராய்ச்சி. நாங்கள் எடுத்தது முடிவு. இரண்டும் ஒன்றாக இருக்கவேண்டும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது?"

பிறகு அவர் தம் சிந்தனையை விளக்கினார். பேரவை இதுவரை எடுத்த எல்லா முடிவுகளும் சரியானவை. ஆனால் ஒவ்வொரு முடிவுக்குப் பிறகும் மண்டபத்தில் குழப்பம் நேர்கிறது. ஆராய்ந்து பார்த்ததில், குழப்பம் நேரும் இடங்களிலெல்லாம் எழுத்தர்கள் இருந்திருக்கிறார்கள். எழுத்தர்கள் இல்லாத இடத்தில் ஒரு குழப்பம்கூடப் பதிவாகவில்லை. எனவே மண்டபத்தை ஆளில்லாமல் வைத்திருப்பதே வருங்காலப் பணியிடத்தின் உச்சநிலை.

மறுநாளே 'ஆளில்லா மண்டப ஆணை' வெளியாயிற்று. எழுத்தர்கள் இனி எங்கிருந்தும் பணியாற்றலாம், மண்டபத்துக்கு மட்டும் வரக்கூடாது. மண்டபத்தைக் கழுவி, மெழுகி, நடுவில் ஒரு பெரிய பூச்சாடி வைத்தார்கள். அது பார்ப்பதற்கு உண்மையிலேயே மிக அழகாக இருந்தது.

எழுத்தர்கள் வீட்டிலிருந்தும், மரத்தடியிலிருந்தும், மாமனார் ஊரிலிருந்தும் பணியாற்றினார்கள். மனுதாரர்கள் அவர்களைத் தேடி ஊர் ஊராகப் போனார்கள். மலையன் காத்தாயி வீட்டைக் கண்டுபிடிக்க ஆறுநாள் ஆயிற்று. அவள் மனுவில் குறிப்பெழுதிக் கொடுத்து மரப் பிரிவுக்காரரைப் பார்க்கச் சொன்னாள். மரப் பிரிவுக்காரர் மகளைப் பார்க்க ஐந்தாம் ஆற்றுக்கு அப்பால் போயிருந்தார். மழைக்கு ஒரு மாதமும் சில நாட்களும் இருந்தன.

நல்லினி ஆணையை வாங்கித் திரும்பத் திரும்பப் படித்தாள். ஒரு சொல்லில் வந்து நின்றாள். பிறகு நேராகக் காத்தாயி வீட்டுக்குப் போனாள்.

"அக்கா, எங்கிருந்தும்னுதான் போட்டிருக்கு. எல்லாரும் ஒரே இடத்துலேருந்து வேலை பாக்கக் கூடாதுன்னு போடல."

காத்தாயி அவளை நிமிர்ந்து பார்த்தாள். வெகுநாளைக்குப் பிறகு அன்றுதான் உள்ளே வந்து உட்காரச் சொன்னாள்.

மண்டபத்துக்குப் பின்னால் ஒரு பழைய யானைக் கொட்டாரம் இருந்தது. அரண்மனை யானைகள் புது இடத்துக்குப் போய்ப் பத்தாண்டாயிற்று. உயர்ந்த கூரை, பருத்த தூண்கள், நாற்புறமும் காற்று. சாணமும் வைக்கோல் மக்கும் முழங்கால் அளவு கிடந்தன. முதல் நாள் வந்தவர்கள் பதினேழு பேர். அவர்களும் நல்லினிக்காக வரவில்லை, காத்தாயி கூப்பிட்டதால் வந்தார்கள். பெருக்கி அள்ளவே மூன்று நாள் பிடித்தது.

எங்கே யார் உட்காருவது என்று எல்லாரும் நல்லினியைப் பார்த்தார்கள். அவள் சொல்ல மறுத்துவிட்டாள். கையில் சுண்ணாம்புக் கட்டி ஒன்றை வைத்துக்கொண்டு, ஒரு மனுவை எடுத்து, இது முதலில் யாரிடம் போகும், அவர் யாரைக் கேட்பார் என்று அவர்களையே சொல்லச் சொல்லித் தரையில் கோடு போட்டாள். மறுநாள் அது சரிவரவில்லை. அழித்துவிட்டு மறுபடி போட்டாள். அப்படி ஆறுநாள் அழித்து அழித்துப் போட்டாள்.

கடைசியில் நடுவில் ஒரு நீண்ட பெஞ்சு வந்தது, மனுதாரருக்கு. மண்டபத்தில் அவர்களுக்கு உட்கார இடமே இருந்ததில்லை என்பது அப்போதுதான் எழுத்தர்களுக்கு உறைத்தது. கரை, மரம், ஆள், வண்டி ஆகிய நான்கு பிரிவுகளும் அந்தப் பெஞ்சைச் சுற்றி உட்கார்ந்தன. வந்தவர் தம் குறையை ஒருமுறை சொன்னால் போதும், நால்வர் காதிலும் விழும். வரைபடம் எழுதுகிறவர்கள் கடைசித் தூண்களுக்கு அப்பால் போய்விட்டார்கள், அங்கே சத்தம் போகவில்லை. படகில் வருகிறவர்கள் விடியலில் வந்து பிற்பகலில் போனார்கள். உள்ளூர்க்காரர்கள் பிந்தி வந்து பொழுதுசாயும்வரை இருந்தார்கள். யானைச் சங்கிலி மாட்டிய வளையங்களில் கைக்குழந்தைக்காரிகள் தூளி கட்டினார்கள். இதில் ஒன்றையும் நல்லினி கண்டுபிடிக்கவில்லை. அவர்கள் சொல்லச் சொல்லக் கேட்டாள், சரிவராததை மறுநாள் நினைவுபடுத்தினாள், அவ்வளவே. ஆனால் அந்த அளவு பொறுமையாகக் கேட்க அந்த நாட்டில் வேறு ஆள் இருக்கவில்லை.

மலையனை ஆளனுப்பி வரவழைத்தார்கள். அவர் பெஞ்சில் உட்கார்ந்து விரிசலைப் பற்றிச் சொன்னார். காத்தாயி எத்தனை பனைமரம் வேண்டும் என்று கணக்குச் சொன்னாள். ஊர் திரும்பியிருந்த மரப் பிரிவுக்காரர் எந்தக் காட்டிலிருந்து என்று சொன்னார். வண்டிக்காரர் எத்தனை நடை ஆகும் என்று சொன்னார். விடியலில் தொடங்கியது, மதியச் சோறு உண்ணும் முன் ஆணையாகி மலையன் கைக்கு வந்தது. அவர் அதை வாங்கிக்கொண்டும் எழுந்திருக்கவில்லை. இன்னும் ஏதோ மிச்சமிருக்கும் என்று நினைத்து உட்கார்ந்திருந்தார்.

இருநூறு பேர் பத்தொன்பது நாள் வேலை செய்தார்கள். இருபத்தோராம் நாள் மழை பிடித்துக்கொண்டது. மூன்றாம் ஆறு கரையின் விளிம்புக்கு ஒரு சாண் கீழேவரை ஏறி வந்து, இரண்டு நாள் அப்படியே நின்று, வடிந்தது. ஒரு வீடும் போகவில்லை. வெள்ளம் வடிந்த வாரம் மலையன் கொட்டாரத்துக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். என்ன மனு என்று காத்தாயி கேட்டாள்.

"மனுவெல்லாம் ஒண்ணுமில்லீங்க. சும்மா கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போலாம்னு வந்தேன்," என்றார்.

மூன்று மாதத்தில் நானூற்றுப் பன்னிரண்டு பேரும் கொட்டாரத்துக்கு வந்துவிட்டார்கள். இரண்டாண்டு எடுத்த மனுக்கள் இரண்டு நாளில் முடிந்தன. இந்தச் செய்தி பேரவையை எட்டியது. மண்டபத்தில் ஆளில்லாமல் போன நாளிலிருந்து மனுக்கள் விரைந்து முடிகின்றன என்பதை மதிவரம்பர் மன்னருக்கு ஆதாரத்தோடு எடுத்துரைத்தார். மன்னர் மகிழ்ந்தார். அயல்நாட்டுத் தூதர்கள் வந்து பூச்சாடியைச் சுற்றி நடந்து வியந்தார்கள். நாட்டின் எல்லா மருத்துவசாலைகளையும் பள்ளிகளையும் இதேபோல் ஆளில்லாமல் ஆக்குவதென்று முடிவாகி, அதை அறிவிக்கப் பேரரங்கம் கூட்டப்பட்டது. நல்லினிக்குப் 'பணியிடச் சிற்பி' என்ற பட்டமும் உண்டு.

உண்மையைச் சொன்னால் பேரவை உள்ளே நுழைந்து கொட்டாரம் போய்விடும். சொல்லாவிட்டால் மருத்துவசாலைகள் போய்விடும். நல்லினி காத்தாயியைக் கேட்டாள். காத்தாயி மற்றவர்களைக் கேட்டாள். அதிக நேரம் ஆகவில்லை.

"சொல்லிடு," என்றாள் காத்தாயி. "நமக்கு உக்காரத் தெரிஞ்சுபோச்சு. இடம் எங்க வேணாலும் கிடைக்கும்."

பேரரங்கத்தில் பட்டத்தை வாங்குமுன் நல்லினி எல்லாவற்றையும் சொன்னாள். மண்டபத்தில் எதுவும் நடக்கவில்லை, கொட்டாரத்தில் நடக்கிறது என்றாள். யாரும் யாருக்கும் ஆணையிடாமல், வேலை செய்கிறவர்களையே கேட்டுக் கேட்டு அமைத்த இடம் அது என்றாள். ஒரு சொல்லையும் விழுங்கவில்லை. தூதர்கள் மன்னரைப் பார்த்தார்கள். மன்னர் மதிவரம்பரைப் பார்த்தார்.

மதிவரம்பர் எழுந்தார்.

"மன்னவா, இது நம் ஆராய்ச்சியின் மகத்தான வெற்றி. மண்டபம், கொட்டாரம் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கிறேன். எழுத்தர்கள் அதே எழுத்தர்கள். மனுக்கள் அதே மனுக்கள். வேறுபாடு ஒன்றே ஒன்றுதான். கொட்டாரத்தில் முன்பு யானைகள் இருந்தன. மண்டபத்தில் ஒருபோதும் இருந்ததில்லை."

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. மருத்துவசாலைகளைக் காலிசெய்யும் திட்டம் அன்றே கைவிடப்பட்டது. இனி நாட்டின் ஒவ்வொரு பணியிடத்திலும் ஒரு யானை இருக்கவேண்டும் என்று மன்னர் ஆணையிட்டார். நாட்டில் மொத்தம் பத்தொன்பது யானைகளே இருந்தபடியால், யானை கிடைக்காத அலுவலகங்களில் யானையின் படத்தைச் சுவரில் மாட்டினால் போதும் என்று மறுநாள் திருத்தம் வந்தது. படத்தின் அகலமும் உயரமும் ஆணையில் தெளிவாகக் குறிக்கப்பட்டிருந்தன. தீனிக்காக மக்கள் ஆளுக்கொரு கட்டுப் புல் கொண்டுவர வேண்டியதாயிற்று. படம் மாட்டிய ஊர்களிலும் புல் வாங்கினார்கள்.

அரண்மனை யானைகள் சில கொட்டாரத்துக்குத் திரும்பின. பேரவை முழுவதும் அவற்றின் பின்னாலேயே அங்கே குடியேறி, அவை காதாட்டுவதையும் தும்பிக்கை வீசுவதையும் அளந்து எழுதத் தொடங்கியது. எழுத்தர்கள் தூளிகளை அவிழ்த்துக்கொண்டு, பெஞ்சைத் தூக்கிக்கொண்டு, ஆளில்லா மண்டபத்துக்குள் போனார்கள். இப்போது அங்கே யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. நல்லினி மறுபடி சுண்ணாம்புக் கட்டியை எடுத்தாள். இம்முறை நான்கு நாளில் முடிந்துவிட்டது.

ஆண்டுகள் சில கழிந்தன. தேர்தல் வந்தது, யானைகளை இரட்டிப்பாக்குவேன் என்றவர் யானைகளைக் கொண்டுவந்தவரைத் தோற்கடித்தார். மண்டபத்தில் மனுக்கள் இரண்டு நாளில் முடிந்துகொண்டிருந்தன. ஒருநாள் திருவேட்டி என்றொரு பள்ளி ஆசிரியர் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். கையில் புதுப் பாடப்புத்தகம். அதில் ஒரு கேள்வி இருந்தது: நம் நாட்டு நிர்வாகம் சிறந்து விளங்கக் காரணம் யாது? விடை, யானைகள். இதைத் திருத்தவேண்டும் என்பது அவருடைய மனு.

அதற்குள் நல்லினியின் தலையில் நரை கண்டிருந்தது. அவள் அந்தப் பக்கத்தை இருமுறை படித்தாள்.

"இருக்கட்டும் ஐயா," என்றாள். "இதத் திருத்தினா நாளைக்கே எங்களப் பாராட்ட வந்துடுவாங்க."

ஆசிரியர் திகைத்தார். பொய்யை எப்படிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம் என்று அவளுக்குத் தெரிந்தது. புத்தகத்தை மூடி அவர் கையில் கொடுத்தாள்.

"சொல்லிக் குடுக்க வேணாம். ஒருநாள் பள்ளிக்கூடத்துக்குப் பதிலா இங்க கூட்டிட்டு வாங்க."

அடுத்த வாரம் முப்பத்தொரு பிள்ளைகள் வந்து, எழுத்தருக்கொருவராகப் பக்கத்தில் உட்கார்ந்து, பொழுதுசாயும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஆண்டுத் தேர்வில் முப்பத்தொரு பேரும் அந்தக் கேள்விக்குத் தவறான விடை எழுதினார்கள். ஆசிரியர் முழு மதிப்பெண் போட்டுவிட்டார்.